அப்பாவின் கண்ணுக்குத் தெரிந்த ஜாக்கெட்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், சுகம் என்று சொல்லும்போது என் இடது மணிக்கட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வீக்கம் முழுக்க வடிந்துவிட்டது, நேற்று ஜாடி மூடியை அந்தக் கையாலேயே திருகித் திறந்தேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. மாப்பிள்ளைக்கு அந்த வறட்டு இருமல் நின்றதா, நிற்கவில்லை என்றால் முதலில் ஜன்னலோரம் படுப்பதை நிறுத்தச் சொல். போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை சொல்லிவிடுகிறாய், பக்கத்தில் உட்கார்ந்து அப்பா பதினோராவது வார்த்தையைச் சொல்கிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். ஒன்று வேலையை விடு, இல்லாவிட்டால் சைக்கிளை விடு என்று போன தடவை நீ கத்தினாய் அல்லவா, அதற்குப் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது, அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

அப்பா ஸ்கூல் பஸ் ஓட்டிய காலத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவிட்டவர் இல்லை என்பது உனக்கே தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். போன வருஷம் கண் டாக்டர் பார்த்துவிட்டு, பகலில் கவலை இல்லை, இருட்டினால் இனிமேல் கண் இப்படித்தான், மாலைக்கண் மாதிரிதான், பொழுது சாய்ந்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அப்பா மறுவாரமே காரை விற்றுவிட்டார், பகலில் ஓட்டலாமே என்றதற்கு அரைகுறையாக ஓட்டுவதற்கு எனக்கு வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நம் பக்கம் சாயங்காலம் வந்துகொண்டிருந்த பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் பக்கத்து வீட்டு பிளம்பர் தன் மகள் ஓட்டிய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தார், நானும் இந்த வயதில் ஏறி உட்கார்ந்தேன். முதல் நாள் தெருமுனை வரைக்கும் ஆடிக்கொண்டே போனேன், பிறகு பழகிவிட்டது. உனக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு, எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. நாள் முழுக்க உலர்த்தி மெஷின்களின் சூட்டில் நின்று விரிப்பு மடித்துவிட்டு வெளியே வந்ததும் முகத்தில் குளிர்ந்த காற்று படும், வாய்க்கால் ஓரத்துச் சரிவில் பெடலை மிதிக்கவே வேண்டாம், அதுவே கொண்டுபோய் விடும். அந்தச் சரிவுக்காகவே வேலைக்குப் போகலாம் போல இருக்கும்.

சைக்கிளிலிருந்து நான் விழுந்த அன்றைக்கு நல்ல மழை. நான் அந்தப் பழைய கருநீல மழைக்கோட்டைத்தான் போட்டிருந்தேன், உனக்குக்கூடத் தெரியும், நீ அதைக் கூடாரம் என்று சொல்வாய். மரக்கடை வளைவில் ஒரு வேன் சந்திலிருந்து திரும்பிப் பின்னாலிருந்து நேரே என் மேலேயே வந்தது. நான் ஓரமாக ஒடித்தேன், சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறிச் சரிந்தது, கையை ஊன்றி விழுந்தேன், அவ்வளவுதான், வேன் என்னைத் தொடவே இல்லை. அதை ஓட்டிவந்தவர் அப்பா வயதுக்கு ஒரு பத்து வயது குறைவாக இருப்பார், இறங்கி ஓடிவந்து, “அக்கா, சத்தியமா தெரியலக்கா, கண்ணாடி பூரா மழைத் தண்ணி, எல்லா லைட்டும் கரைஞ்சு ஒண்ணா கெடக்கு, அதுல உங்க பின்னாடி லைட்டு எங்கன்னே தெரியல” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சைக்கிளைத் தூக்கி வேனில் போட்டு, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வைத்து, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அப்பா அந்த மனிதரைச் சும்மா விடமாட்டார் என்று நான் பயந்துகொண்டே இறங்கினேன். அவரோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உட்காருங்கள், டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றார். மழையில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் என்ன தெரியும், என்ன தெரியாது என்று அவருக்குத் தெரியாதா. ஆனால் அந்த மனிதர் போன கையோடு அப்பா சைக்கிளைப் பின்னறைக்குள் தள்ளிப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். உனக்குப் போன் பண்ணியதும் அப்புறம்தான், அவர் உன்னிடம் சொன்னதில் பாதி அவருடைய பயம், அதனால்தான் நீ வேன் என் மேல் ஏறிவிட்டது போல அழுதாய்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே மௌன விரதம். கட்டுப் போட்ட கையோடு நான் வேலைக்குப் போனேன், மடிக்க முடியாது என்பதால் எண்ணி அடுக்குகிற இடத்தில் போட்டார்கள், என்னோடு விரிப்பு மடிக்கிற நெட்டையம்மா, அவளைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், அவள் வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து விட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் வழி முழுக்கத் தன் முதுகுவலியைப் பற்றியே பேசுகிறார், எத்தனை நாள் கேட்பது. வீட்டில் அப்பா உப்பு எடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேசவில்லை. ஒரு நாள் நான் பொறுக்கமாட்டாமல், கையில் கட்டு எனக்கு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது நீங்களா, சாவியைக் கொடுங்கள் என்று கேட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார், அதை நான் உனக்கு அப்படியே எழுதுகிறேன், “முன்னாடி நான் வந்து கூட்டிட்டு வருவேன். இப்ப கேட்டுல வந்து நின்னாலும் நீ வர்றது எனக்குத் தெரியறதில்ல. எதிர்ல எல்லாம் ஒரே கறுப்பு. நீ பக்கத்துல வந்து பெல் அடிக்கிற வரைக்கும் நீ இருக்கியா இல்லையான்னே எனக்குத் தெரியாது” என்றார். சொல்லிவிட்டு செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார், அது முந்தின நாள் பேப்பர்.

மறுநாள் காலையில் நான்தான் பேச்சை எடுத்தேன். இருட்டில் மின்னுகிற பட்டை வைத்து, மழை உள்ளே இறங்காத ஜாக்கெட் சைக்கிள் கடையில் இருக்கிறதாம், நெட்டையம்மா சொன்னாள், போய்ப் பார்ப்போம், நீங்களே பார்த்துச் சரி என்றால் சாவி, இல்லை என்றால் நானும் கேட்கமாட்டேன் என்றேன். “ஜாக்கெட் போட்டா வேன்காரனுக்குப் புதுசா கண்ணு மொளைச்சிருமா” என்று முறைத்தார், ஆனால் சாயங்காலம் அவரே முதலில் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கிளம்புகிற அவசரத்தில் பிளம்பர் மனைவியிடம் இவளுக்கு ஜாக்கெட் எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார், அவள் உள்ளே ஓடிப்போய் நல்ல தையற்காரி ஒருத்தி விலாசத்தைச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து, “அளவு ஜாக்கெட் ஒண்ணு மறக்காம எடுத்துட்டுப் போங்க அக்கா” என்றாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தேன், விழுந்ததற்கு அப்புறம் அப்பா சிரித்ததும் அன்றைக்குத்தான்.

வெளிச்சத்தில் பார்த்து என்ன பிரயோஜனம் என்று பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் போனோம். கடை முழுக்க டயர் வாசனை, சைக்கிள்களைக் கூரையில் கொக்கி போட்டு வௌவால் மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்காரப் பெண்ணுக்கு உன் வயது இருக்கும், கைமுட்டி வரைக்கும் கிரீஸ், அதைத் துடைத்துக்கொண்டே வந்து மூன்று ஜாக்கெட்டை எடுத்துப் போட்டாள். முதலாவது எலுமிச்சை மஞ்சள், பார்த்தாலே கண் கூசும், அப்பா உடனே இதுதான், இதுதான், கட்டிக் கொடு என்றார். பகலிலும் மசங்கல் நேரத்திலும்தான் இந்தக் கலர் எடுப்பாகத் தெரியும், முழு இருட்டில் கலருக்கு வேலை இல்லை, வெள்ளிப் பட்டைதான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், இதில் பட்டை முதுகில் ஒரு கோடுதான் என்று அந்தப் பெண் சொன்னாள். முதுகில் பை மாட்டினால் அந்தக் கோடும் மறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது, மாட்டிப் பார்த்தேன், மறைந்துதான் போனது. இரண்டாவது முழுக்கச் சாம்பல் நிறம், பார்க்க ஆபீசர் கோட்டு மாதிரி, துணி பூராவும் கண்ணாடிப் பொடி, வெளிச்சம் பட்டால் ஆளே ஜொலிக்கும், எங்களிடம் இதுதான் உசத்தி என்றாள். போட்டதும் அட்டைப் பெட்டிக்குள் நிற்கிற மாதிரி விறைப்பு, உள்ளே காற்றே இல்லை. மூன்றாவது ஆரஞ்சு, தோள், இரண்டு கை, இடுப்பு எல்லா இடத்திலும் பட்டை, முதுகுப் பக்கம் நீளம் அதிகம், குனிந்து ஓட்டினாலும் பின்பக்கம் நனையாது, அக்குளில் ஜிப் வைத்துக் காற்றுப் போக விட்டிருந்தார்கள். ஆரஞ்சு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, ரோடு போடுகிறவர்கள் மாதிரி இருக்கிறேனே என்றேன், வேறு கலர் இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றாள்.

துணி என்றால் எனக்கும் கொஞ்சம் தெரியுமே, மூன்றையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மழைக்கோட்டில் தண்ணீர் துணி வழியாக வராது பாப்பா, தையல் ஓட்டை வழியாகத்தான் வரும், அதனால் உள்ளே ஒவ்வொரு தையல் மேலேயும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சளில் தோளில் மட்டும் ஒட்டியிருந்தார்கள், மற்ற இரண்டிலும் முழுக்க ஒட்டியிருந்தது. அப்பாவுக்கு என் சொல் மேல் நம்பிக்கை இல்லை, அந்தப் பெண்ணைக் கேட்டு ஆரஞ்சு ஜாக்கெட்டின் கையை வாஷ் பேசினில் பிடித்து ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது, உள்ளே சொட்டுக்கூட இறங்கவில்லை, மொத்தமும் பேசினைத் தாண்டி வழிந்து அவர் ஷூவுக்குள் இறங்கிவிட்டது. சதக் சதக் என்று சத்தம் போட்டுக்கொண்டே கடைக்குப் பின்னால் இருந்த சந்துக்கு வந்தார். அங்கே விளக்கு கிடையாது. அந்தப் பெண் ஒரு டார்ச்சை அவர் கையில் கொடுத்தாள், நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சந்தின் அடுத்த முனைக்குப் போய் நின்றேன்.

முதலில் மஞ்சள். டார்ச்சை இடுப்புக்கு நேராகப் பிடித்து என் பக்கம் அடித்தார். தெரிகிறதா என்று கத்தினேன், இல்லை என்றார். சரி, அதை எதிர்பார்த்ததுதான். சாம்பலைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன், அதற்கும் தெரியவில்லை என்றார். ஆரஞ்சைப் போட்டுக்கொண்டு போனேன், அதற்கும், “இல்ல, எனக்கு எதுவும் தெரியல, வா வீட்டுக்குப் போலாம்” என்றார், குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலை. நான் அந்த இருட்டில் ஒரு குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன், அவர் டார்ச்சைத் தாழ்த்திவிட்டார், அவ்வளவுதான், சாவி போனது, சரிவும் போனது என்று நினைத்தேன். கடைக்காரப் பெண் அவர் டார்ச் பிடித்திருந்த உயரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று, “ஐயா, ஒரு நிமிஷம், டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் பிடிங்க, வெளிச்சம் எங்கேருந்து போகுதோ அங்கேயேதான் திரும்பி வரும், நீங்க இடுப்புலேருந்து அடிச்சா அது உங்க இடுப்புக்குத்தான் வரும்” என்றாள். அப்பா டார்ச்சைத் தூக்கி நெற்றிப் பொட்டோடு சேர்த்து வைத்தார். அப்புறம் “ஏய்” என்றார். மறுபடி, “ஏய், தெரியுது” என்றார்.

கையைத் தூக்கு என்றார், தூக்கினேன். ஆட்டு என்றார், ஆட்டினேன். திரும்பி நில், நட, குனி, ஓரமாகப் போ என்று அவர் சொல்லச் சொல்ல நானும் டிராபிக் போலீஸ் மாதிரி கையை வீசிக்கொண்டு அந்தச் சந்தில் முன்னும் பின்னும் நடந்தேன், பக்கத்து ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர் சத்தம் கேட்டு வெளியே வந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாம்பலையும் மறுபடி போட்டுக் காட்டச் சொன்னார். அதுதான் எல்லாவற்றையும்விட வெளிச்சம், அந்தப் பெண்ணும் அதைத்தான் எடுக்கச் சொன்னாள். அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். “அது கொடியில வெள்ளைத் துணி தொங்குற மாதிரி இருக்கு, மனுஷன்னு தோணல, பத்தடி வந்தப்புறம்தான் ஓட்டுறவனுக்கு ஆளுன்னு ஒறைக்கும். இந்த ஆரஞ்சுல கை தனியா அசையுது, தோள் தனியா அசையுது, ஆளு வருதுன்னு சொல்லுது” என்று அவளுக்கு விளக்கினார், இத்தனை வருஷம் பஸ் ஓட்டியவர் பேசுகிறார் என்று அவளும் மறுபேச்சுப் பேசவில்லை. பிறகு ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைக்கும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, “அது நீதான்னு தெரிஞ்சுது, வலது கையைக் கொஞ்சம் அதிகமா வீசி நடப்பியே, அது தெரிஞ்சுது” என்றார். ஆரஞ்சு கலரைப் பற்றி அதற்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவராகவே பின்னறையைத் திறந்து சைக்கிளை வெளியே எடுத்தார், பிரேக் கட்டையை மாற்றினார், பின் விளக்கைப் பெரிதாக வாங்கி மாட்டினார். முதலில் மழை இல்லாத நாளாகப் பார்த்து ஓட்டினேன், கை வலிக்கவில்லை. அடுத்த வாரம் நல்ல மழையிலும் ஓட்டிவிட்டேன். குறை சொல்ல வேண்டும் என்றால் கழுத்துப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் இறங்குகிறது, காலரை ஒட்டி மேலே வரைக்கும் ஜிப்பை இழுத்துவிட்டால் அதுவும் இல்லை. மேட்டில் மிதிக்கும்போது உள்ளே வியர்க்கிறது, அக்குள் ஜிப்பைத் திறந்துவிட வேண்டும், அதை நிற்கும்போதே செய்துவிட வேண்டும், ஓட்டிக்கொண்டே செய்யப்போய் ஒரு தடவை ஆடிவிட்டேன், இதை அப்பாவிடம் சொல்லாதே. துவைக்கும்போது துணி மிருதுவாக்குகிற திரவம் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது, பட்டால் தண்ணீர் உருளுகிற தன்மை போய்விடும், அதனால் சலவைக்கூடத்து மெஷினில் போடாமல் வீட்டிலேயே கையால் அலசுகிறேன். இப்போது சாயங்காலமானால் அப்பா கேட்டில் வந்து நிற்கிறார், டார்ச்சை நெற்றிப் பொட்டில் வைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்க்கிறார், நான் திரும்பினதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது, தெரிந்ததும் ஒரு தடவை அணைத்து எரியவிடுவார், நான் பெல் அடிப்பேன். இவர் தினமும் யாருக்கு சல்யூட் அடிக்கிறார் என்று பிளம்பர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

போன வியாழக்கிழமை சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு பெரிய லாரி வந்து நின்றது. எனக்குக் கொஞ்சம் பக்கென்றுதான் இருந்தது. ஓட்டுகிறவர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்து, “அம்மா, பாலத்துக்கு அந்தப் பக்கம் வரும்போதே உங்களைப் பார்த்துட்டேன்” என்றார், பச்சை விழுந்ததும் போய்விட்டார். சாப்பிடும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். எந்தப் பாலம் என்றார். வாய்க்கால் பாலம் என்றேன். அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்றார். அந்தப் பக்கம் என்றேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிவிட்டு வந்து மறுபடி, அந்த ஆள் சரியாக என்ன சொன்னார் என்று கேட்டார், நானும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

ஆகவே பாப்பா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான், வேலையையும் விடவில்லை, சைக்கிளையும் விடவில்லை. நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது, தூரத்தில் இருந்தால் சின்ன விஷயமும் பெரிதாகத்தான் தெரியும். மழை கொட்டுகிற நாளில் நெட்டையம்மா வீட்டுக்காரரின் முதுகுவலியைக் கேட்டுக்கொண்டு காரிலேயே வந்துவிடுகிறேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதையே உனக்கும் கொடுக்கிறேன். இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நீ அனுப்பிய போட்டோவை அப்பாவுக்குக் காட்டினேன், நீ ரயிலடியிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் மாப்பிள்ளை எடுத்தது. அழகாகத்தான் இருந்தாய். அப்பா போட்டோவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்துவிட்டு, “கோட்டு கறுப்பு, பேன்ட் கறுப்பு, பை கறுப்பு, ஷூவும் கறுப்பு, இவ தினமும் இப்படித்தான் இருட்டுல நடந்து வர்றாளா” என்று கேட்டார். மறுநாள் பகலில் தனியாகவே அந்தக் கடைக்கு நடந்துபோய் வெள்ளிப் பட்டை வாங்கிவந்தார், அதைத்தான் இந்தக் கடிதத்தோடு சுருட்டி வைத்திருக்கிறேன். ஒட்டாதே, ஒட்டினால் உரிந்துவிடும், ஓரத்தில் சின்னத் தையலாகப் போட்டுத் தை, பையில் தைக்காதே, பை அசையாது, கோட்டின் கைப்பக்கம் தைத்துக்கொள். நன்றாக இல்லை என்று நீ சொல்வாய் என்று தெரியும், நானும் ஆரஞ்சைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டு, நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல், தைத்து முடித்ததும் இருட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, மறக்காதே. கீழே அப்பாவும் ஒரு வரி எழுத வேண்டுமாம், இடம் விட்டிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா

பாப்பா, ரெண்டு கையிலயும் தைக்கணும். ஒரு கை போதும்னு விட்டுடாத. அப்பா.